கஸ்பரின் மருந்து அறை

பாஸ்கு எனும் ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறிக்குள் கையை வைத்தபடி, கஸ்பர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை அறிவித்தார்.

"இஞ்சாரும், இனிமேல் என்ரை தோட்டாவை நானே நிரப்பப் போறன்."

இம்மாகுலேற் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முதல்லை தோட்டத்தை நிரப்புங்கோ. போன வருசம் வாங்கின கத்தரிக் கண்டு இன்னும் சாடிக்குள்ளைதான் நிக்குது."

"தோட்டம் இல்லையப்பா. தோட்டா! துவக்குக்குப் போடுறது."

"ஓ, அதையோ." அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

தீர்மானம் சோற்றுக்கு அடியில் போய்விட்டது.

கஸ்பர் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில் இருந்துகொண்டு பஸ் ஓடுகிறவர். துவக்கு அவருடைய கைக்கு வந்ததற்கு டெரிக்தான் காரணம். அதே டெப்போவில் பஸ் ஓடி இளைப்பாறிய வெள்ளைக்காரர். சறே பக்கம் ஒரு வயல்வெளியில் களிமண் புறா சுடும் கிளப் ஒன்று இருக்கிறது, வந்து பார் என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். யந்திரம் ஒரு மண் தட்டை ஆகாயத்தில் எறியும். அதைச் சுட வேண்டும். தட்டுத்தான் புறா. கஸ்பர் அன்று பின்னேரம் வரை சுட்டார். ஒரு தட்டும் உடையவில்லை. பக்கத்து மரத்தில் இருந்த நிசப் புறாக்கள்கூட எழும்பிப் பறக்கவில்லை. அவருடைய குறியில் அவற்றுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"நிசப் புறாவைச் சுட்டாலாவது கறி வைக்கலாம்," என்றாள் இம்மாகுலேற் அப்போது. "களிமண்ணைச் சுட்டால் சட்டிதான் வரும்."

ஆனாலும் லைசென்ஸ் எடுக்க அவள் தடை சொல்லவில்லை. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுடைய கணவர் கோபக்காரரா என்று கேட்டார். "கோவம் வரும்," என்றாள். "ஆனா வாயைத் தாண்டி வெளியாலை வராது." பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு சம்மதித்துவிட்டுப் போனார். ஆக, துவக்கு கஸ்பருடையது. லைசென்ஸ் இம்மாகுலேற் போட்ட பிச்சை.

இப்போது டெரிக் புதிதாக ஒரு விசயத்தைக் காதில் போட்டிருந்தார். கடைத் தோட்டாவைச் சுடுகிறவன் வெறும் வாடிக்கையாளன், தன் தோட்டாவைத் தானே நிரப்புகிறவன்தான் அசல் சூட்டுக்காரன் என்று. சுட்டு முடிந்த வெறும் கூட்டை எறியாமல் பொறுக்கி எடுத்து, உள்ளே மருந்தை, அதாவது வெடிமருந்தை, நிறுத்துப் போட்டு, அதன்மேல் அடைப்பு வைத்து, ஈயச் சன்னம் என்கிற சிறு குண்டுகளைக் கொட்டி, வாயை மடித்து அமத்த வேண்டும். அந்தக் கூட்டை டெரிக் 'கேஸ்' என்பார். கஸ்பரும் கேஸ் என்றே சொல்லப் பழகிவிட்டார்.

இதற்கெல்லாம் ஓர் அறை வேண்டும். அறை இருந்தது. மகள் லீட்ஸுக்கு வேலைக்குப் போனதிலிருந்து மேல்மாடியில் அவளுடைய அறை சும்மா கிடந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த அறையை இம்மாகுலேற் மூன்று முறை கேட்டிருந்தாள். அவள் கேக் செய்கிறவள். பிள்ளைகளின் முதல் நன்மை விழா, கலியாணம், ஐம்பதாவது பிறந்தநாள் எதுவென்றாலும் குரோய்டனிலிருந்து ரூற்றிங் வரை அவளிடம்தான் வருவார்கள். ஆனால் கேக்கும் கறியும் ஒரே குசினியில். சென்ற தையில் ஒரு மணப்பெண், கேக் நல்லாய் இருக்குது அன்ரி, ஆனா ஐசிங்கிலை கொஞ்சம் கணவாய்க் கறி மணக்குது என்று சொல்லிவிட்டாள். அன்றிரவு இம்மாகுலேற் சாப்பிடவில்லை. மகளின் அறையைத் தாருங்கோ என்றாள். கஸ்பர் கதிரையைவிட்டு எழும்பி நின்று, "இந்த வீட்டிலை எனக்கெண்டு ஒரு மூலையும் இல்லை. அந்த அறை எனக்கு வேணும்," என்றார். எதற்கு என்று கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"மெய்யே, அந்த அறைக்குள்ளை வெடிமருந்து வைக்கப் போறியளோ?"

"கொஞ்சம்தான். டெரிக் அதைப் பத்திரமா வைக்கிற முறையெல்லாம் சொல்லித் தந்தவர்."

"வெடிச்சத்தம் கேளாத இடம் வேணும் எண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

கஸ்பருக்குக் கை நின்றது. அவள் ஊரில், பத்து வயதில், ஷெல் அடி ஓயும்வரை கோயில் வாங்குப் பலகைக்குக் கீழே தம்பியை அணைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தவள். அதை அவள் கலியாணமான புதிதில் ஒருமுறை சொன்னாள். பிறகு சொன்னதேயில்லை.

"அங்கை எங்களைச் சுட்டாங்கள்," என்றார் மெதுவாக. "இஞ்சை நான் தட்டைச் சுடுறன். தட்டு திருப்பிச் சுடாது இம்மா."

அவள் ஒரு கோப்பையை நெடுநேரம் துடைத்தாள். பிறகு, "சரி," என்றாள். "செய்யுங்கோ. ஆனா செய்யிறதை முறையாச் செய்யவேணும்."

கஸ்பருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த இடத்தில்தான் அவர் பயந்திருக்க வேண்டும். இம்மாகுலேற் 'ஏலாது' என்றால் ஒன்றுமில்லை, அழுது கேட்டால் ஏலும். 'சரி' என்று சொல்லித்தான் அவருடைய மீசை போனது. 'சரி' என்று சொல்லித்தான் அவருடைய தம்பி கனடாவுக்குப் போனான்.

அடுத்த கிழமையே வேலை தொடங்கியது. டெரிக் போனில் சொல்லச் சொல்ல, கஸ்பர் இரவுச் சாப்பாட்டில் அதைத் தன்னுடைய அறிவு போல அவிழ்த்துவிடுவார்.

"முதலாவது, கார்பெட் கூடாது. மருந்து சிந்தினால் மயிருக்குள்ளை போயிடும், கூட்ட ஏலாது. நடக்கேக்கை உரசிப் பொறியும் பறக்கும்."

"கழட்டுங்கோ," என்றாள் இம்மாகுலேற். "வழுக்காத லினோத் தரை போடுங்கோ. வெள்ளையாப் போட்டால் என்ன சிந்தினாலும் தெரியும்."

"அட, நல்ல யோசனை! மேசை ஆடக்கூடாது. சுவரோடை சேத்து ஆணி இறுக்கவேணும்."

"நீளமாச் செய்யுங்கோ. ஒரு பக்கம் வேலை, மற்றப் பக்கம் முடிஞ்சதை அடுக்க."

"லைற் நல்ல வெளிச்சமா இருக்கவேணும்."

"நிழல் விழாமல் ரெண்டு பக்கத்தாலையும் போடுங்கோ."

"மருந்துக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. ஒரே அளவான, உலர்ந்த அறை வேணும்."

"கடவுளே, எவ்வளவு அருமையான யோசனை," என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கஸ்பர் மதிப்பு என்று எடுத்துக்கொண்டார். "வேலை முடியக் கை கழுவவேணுமோ?"

"கட்டாயம். ஈயம் இருக்கெல்லே. கழுவாமல் சாப்பாட்டிலை கை வைக்கக்கூடாது."

"அப்ப அதுக்கு மேலையும் கீழையும் ஓடித் திரிவியளோ? அறைக்குள்ளையே ஒரு பேசின் வையுங்கோ. சுடுதண்ணியும் வரட்டும்."

கஸ்பர் பேசின் வைத்தார். சுடுதண்ணியும் வந்தது. அதற்காக அவர் ஒருமுறை வீடு முழுக்க வெள்ளம் விட்டது வேறு கதை. சுவரில் சாமான் வைக்கத் தட்டுகள் அடித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் உயரம் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று இம்மாகுலேற் ஏணியைப் பிடித்தபடி கீழே இருந்து சொன்னாள். யன்னலுக்குப் புகையும் தூசியும் வராத மாதிரி விளிம்பு ஒட்டினார். கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டார். ஒரு மயிரிழை விழுந்தாலும் நிறை காட்டும் மின் தராசு வாங்கினார். டெரிக் தன்னுடைய பழைய அமத்தும் மெசினைக் கொடுத்தார். அது இடியப்ப உரலுக்கு அண்ணன் போல, கைபிடியும் குழாய்களுமாக மேசையில் ஏறி உட்கார்ந்தது.

வேலை முடிந்த அன்று, இம்மாகுலேற் வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். வெள்ளைத் தரை. வெள்ளை வெளிச்சம். சுத்தமான நீள மேசை. அவளுடைய கண் கலங்கியது.

"இப்பிடி ஒரு அறையை நான் கனவிலையும் காணேல்லை," என்றாள்.

கஸ்பர் அவளுடைய தோளைத் தட்டிக் கொடுத்தார். "நானும்தான்."

இனித் தோட்டா நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் தீரவில்லை.

முதல் நாள், காலைப் பஸ் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, உடுப்பு மாற்றி, கண்ணாடி மாட்டி, படியில் கால் வைத்தார்.

"எங்கை போறியள்?"

"மேலை. மருந்து போட."

"விடிய எத்தினை மணிக்கு எழும்பினனீங்கள்? களைப்போடை செய்யக்கூடாது எண்டு டெரிக் சொன்னவரெல்லே?"

சொன்னார்தான். கஸ்பரே அதைப் பருப்புக்கும் பப்படத்துக்கும் நடுவில் அழுத்தமாகச் சொல்லியிருந்தார். களைத்தவன் ஒன்றுக்கு இரண்டு தரம் மருந்து போட்டுவிடுவான், அதைவிட ஆபத்து வேறில்லை என்று. இறங்கிப் போய்ப் படுத்தார்.

அடுத்த முறை நன்றாக நித்திரை கொண்டு எழும்பினார்.

"நேற்று டெப்போ யோகலிங்கத்தாற்றை பிறந்தநாளிலை என்ன குடிச்சனீங்கள்?"

"ஒரு சின்னக் கிளாஸ்."

"கிளாஸ் சின்னன். எத்தினை தரம் நிரப்பினது? தோட்டா நிரப்ப முந்தி கிளாஸ் நிரப்பக்கூடாது."

அதற்கடுத்த முறை குடிக்கவில்லை. நித்திரையும் கொண்டார். படியில் பாதி ஏறியும் விட்டார்.

"இஞ்சாருங்கோ, மூண்டு மணிக்கு ஷிப்ட் எல்லே? அவசரத்திலை செய்யலாமோ?"

"இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்குது!"

"கத்தாதையுங்கோ. கோவத்திலை செய்யவே கூடாது."

"எனக்குக் கோவம் இல்லை!"

"அப்ப ஏன் கை நடுங்குது?"

"நீர் கதைச்சுக் கதைச்சுத்தான் நடுங்குது!"

"பாத்தியளே. ஆரும் கதைச்சுக் குழப்பினாலும் அண்டைக்குச் செய்யக்கூடாது எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்." அவள் குரலில் கனிவு சொட்டியது. "உங்களுக்கு ஏதும் ஆச்சுதெண்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

கஸ்பர் படி இறங்கிக்கொண்டே யோசித்தார். களைப்பில்லாத, குடிக்காத, கோபப்படாத, அவசரமில்லாத, மனைவி ஒன்றும் கேட்காத ஒரு பஸ் சாரதி. அப்படி ஓர் ஆள் தோர்ண்டன் ஹீத்தில் கிடையாது. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இருக்க மாட்டான். ஆனாலும் கஸ்பர் அந்த ஆளாக மாறுவது என்று முடிவு கட்டினார். வைகாசி முழுக்கக் கிளாஸைத் தொடவில்லை. ஒன்பது மணிக்குப் படுக்கைக்குப் போனார். ரீவியில் கிரிக்கெட்டை நிறுத்தினார், கோபம் வரும் என்று. பஸ்ஸை மறித்து நடுவில் சைக்கிள் விடுகிறவனைக்கூட, போ மகனே என்று வாழ்த்தினார். முகத்தில் ஒரு வெளிறிய அமைதி வந்தது. ஆள் கொஞ்சம் மெலிந்தும் போனார்.

இந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சயந்தினி, கஸ்பர் அண்ணையை ஏன் காணேல்லை, ஏன் ஒரு மாதிரி இருக்கிறார் என்று இம்மாகுலேற்றைக் கேட்பாள். இம்மாகுலேற் வேலிக்கு மேலால் பதில் சொல்வாள். கஸ்பருக்கு அது தெரியாது.

கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. லீவு நாள். பத்து மணித்தியால நித்திரை. மனம் தெளிந்த நீர். இம்மாகுலேற் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"போங்கோ," என்றாள்.

கஸ்பர் மேலே போனார். கையுறை, கண்ணாடி. தராசைத் துடைத்துச் சமன் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் மேசையில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி ஒரேயொரு டப்பாவை எடுத்து வைத்து, அதன் பெயரை இரண்டு முறை வாசித்தார். டப்பாவின் மூடியில் விரல் வைத்தார்.

வாசல் மணி அடித்தது.

படிகளில் பல காலடிகள். விதிப்படி அவர் மூடியிலிருந்து கையை எடுத்து, டப்பாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, மெசினைத் துணியால் மூட, கதவு திறந்தது. முன்னால் செபக்குழுவை நடத்தும் செபமாலைமுத்து மாஸ்ரர், கையில் செபமாலை. பின்னால் சயந்தினி, ஒரு சூப் சட்டியோடு. அதற்குப் பின்னால் கோயிலின் செபக்குழு முழுக்க. படிக்கட்டு நிறைந்து கீழே விறாந்தை வரை நின்றது.

மாஸ்ரர் அறையைப் பார்த்தார். வெள்ளைத் தரை, பேசின், கண்ணைக் கூசும் வெளிச்சம், கையுறை போட்ட மெலிந்த மனிதன். சிலுவை அடையாளம் போட்டார்.

"தம்பி கஸ்பர், மறைக்காமல் சொல்லும். மருந்து துவங்கி எவ்வளவு காலம்?"

கஸ்பருக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை மாதத்தில் ஒரு மனிதராவது அதைப் பற்றிக் கேட்டதில்லை. இம்மாகுலேற்தான் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் போல.

"இண்டைக்குத்தான் மாஸ்ரர் துவங்கிறன். இவ்வளவு நாளும் ஆயத்தம்."

"டொக்டர் தந்ததோ?"

"இல்லை, டெரிக் தந்தவர்."

"ஸ்பெசலிஸ்ரோ?"

"ஓமோம். நாப்பது வருச அனுபவம்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் எடுக்கவேணும்?"

"எடுக்கிறேல்லை மாஸ்ரர். போடுறது. கேஸைப் பாத்துத்தான் அளவு."

"உம்மடை கேஸ் எப்பிடி?"

"பழைய கேஸ்தான். ஆனா நல்ல கேஸ். இன்னும் ரெண்டு மூண்டு தரம் தாங்கும்."

சயந்தினி சால்வைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின.

"அதுக்குப் பிறகு?" என்றார் மாஸ்ரர், செபமாலையை உருட்டியபடி.

"அதுக்குப் பிறகு எறிய வேண்டியதுதான்."

படிக்கட்டில் யாரோ "யேசுவே" என்றார்கள்.

"ஏன் எல்லாரும் கவலைப்படுறியள்? எதுக்கும் ஒரு முடிவு இருக்குத்தானே. வாய் கிழிஞ்சு, அடி ஊதிப்போன கேஸை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? அதைத் திரும்பப் பாவிச்சால்தான் ஆபத்து."

"நோவு இருக்குதோ தம்பி?"

"தோளிலை கொஞ்சம். ஒவ்வொரு தரமும் இடிக்கும்."

"நெஞ்சுக்குப் பரவேல்லையே?"

"நெஞ்சுக்கோ? சரியாப் பிடிச்சால் நெஞ்சுக்கு வராது." கஸ்பருக்கு ஏதோ பிசகுகிறது என்று அப்போதுதான் பட்டது. விளக்கிவிடலாம் என்று மெசினை மூடியிருந்த துணியை இழுத்தார். "இஞ்சை பாருங்கோ, இதுதான் மருந்து போடுற மெசின்."

குழாய்களையும் கைபிடியையும் பார்த்துச் செபக்குழு இரண்டடி பின்வாங்கியது.

"வீட்டிலையே மெசின் வைச்சிட்டாங்கள்," என்று பின்னால் ஒரு குரல் அழுதது. "கிட்னியும் போச்சு!"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை!" என்று கஸ்பர் கத்தினார்.

"எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுறது," என்று மாஸ்ரர் அவருடைய தலையில் கை வைத்தார். மற்றவர்கள் மாஸ்ரருடைய தோளில் கை வைத்தார்கள். அவர்களுடைய தோளில் படிக்கட்டில் நின்றவர்கள் கை வைத்தார்கள். செபமாலையின் ஐந்து காரணிக்கமும் ஒப்புக்கொடுத்து முடிய, சூப் ஆறிப்போய்விட்டது. கஸ்பர் அதைக் குடித்து முடிக்கும்வரை அவர்கள் போகவில்லை.

கதவு மூடியதும் அவர் குசினிக்குள் பாய்ந்தார்.

"நீர் சனத்துக்கு என்ன சொன்னனீர்?"

"உள்ளதைச் சொன்னன்," என்றாள் இம்மாகுலேற், மாவை அரித்தபடி. "மேலை அறைக்குள்ளை இருந்து மருந்து அளக்கிறார் எண்டன். குடியை விட்டிட்டார் எண்டன். களைக்கக்கூடாது, கோவப்படக்கூடாது, ஆரும் கதைச்சுக் குழப்பக்கூடாது எண்டன். இதிலை எது பொய்?"

கஸ்பர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பொய்யில்லை.

அடுத்த நாள் பூசையில், நோயாளிகளுக்கான மன்றாட்டில் முதல் பெயர் அவருடையது. எழும்பி நின்று மறுக்கப் பார்த்தார். பாவம், நிக்கக் கஷ்டப்படுறார் என்று இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து இருத்தினார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிய ஒரு தமிழ் அம்மா அவரை இரக்கமாகப் பார்த்து, "தம்பி, நீங்கள் இதிலை வந்து இருங்கோ," என்று தன் இருக்கையைக் காட்டினார். பஸ்ஸை யார் ஓடுவது என்று அவர் யோசிக்கவில்லை. வீட்டில் குளிர்ப்பெட்டி திறக்க முடியாதபடி சூப். மனோர் பார்க்கிலிருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, முருகன் கோயிலில் அவருடைய பேரில் அர்ச்சனை செய்ததாகச் சொன்னார். கிறிஸ்தவ வேதக்காரன் பெயருக்கு என்ன நட்சத்திரம் சொன்னாரோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை டெப்போவில் மனேஜர் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று மெதுவாக விசாரித்தபோதுதான் கஸ்பருக்கு வியர்த்தது.

"இம்மா, இது விளையாட்டில்லை," என்றார் வீட்டுக்கு வந்து. "டெப்போ நம்பினால் பஸ் போகும். பொலிஸ் கேள்விப்பட்டால் துவக்கும் போகும். நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்புகினம் இல்லை. சொல்லச் சொல்ல இன்னும் கனக்கச் சூப் வருது."

"பாவம் நீங்கள்," என்றாள் அவள். "நான் என்ன செய்ய?"

கஸ்பர் குசினிக்குள் முன்னும் பின்னும் நடந்தார். மேசையில் ஒரு கலியாணக் கேக் பாதி ஐசிங்கோடு நின்றது. பக்கத்து அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு அந்த எண்ணம் வந்தது. வெளிச்சம் மாதிரி வந்தது.

"இம்மா! அந்த அறையை நீர் கேக்குக்கு எடும்!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னப்பா சொல்லுறியள்?"

"சனம் வந்து பாக்கட்டும். மெசின் இல்லை, மருந்து இல்லை, கேக்தான் இருக்குது எண்டால் வருத்தமும் இல்லையெண்டு விளங்கிடும். நான் சாமானெல்லாத்தையும் டெரிக்கின்ரை பட்டறைக்குக் கொண்டுபோறன். அங்கை அவரோடை இருந்து நிரப்புறன்."

"வேண்டாம், வேண்டாம். அது நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த அறை."

"நான் கேக்கிறன்!"

"கேக்கோ?"

"கேக்தான்! கேக்குக்கு எடும் எண்டு கேக்கிறன்! கெஞ்சிக் கேக்கிறன்!"

"எனக்கு மனம் வரேல்லை," என்று அவள் தலையைக் குனிந்தாள். "இந்த வீட்டிலை உங்களுக்கெண்டு ஒரு மூலையும் இல்லாமல் போயிடும்."

கஸ்பர் முழங்காலில் நிற்காத குறை. ஒரு மணித்தியாலம் வாதாடினார். கணவாய் மணத்தை எடுத்துச் சொன்னார். அவளுடைய கைத்திறமையைப் புகழ்ந்தார். அந்த அறை ஒரே அளவான சூடு, ஈரமில்லை, தூசியில்லை, ஐசிங்குக்கென்றே செய்த அறை என்று ஒரு வீட்டுத் தரகர் போல விபரித்தார். கடைசியில் அவள் மிகுந்த மனவருத்தத்தோடு சம்மதித்தாள்.

"ஒரு நல்ல காலம், நீங்கள் அதுக்குள்ளை ஒரு தோட்டாவும் நிரப்பேல்லை," என்றாள். "ஈயம் பட்ட மேசையிலை சாப்பாட்டுச் சாமான் வைக்க ஏலாதெல்லே. புதுசு மாதிரி இருக்குது. தராசை மட்டும் விட்டிட்டுப் போங்கோ."

டெரிக் வந்து மெசினையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு போனார். பட்டறையில் கஸ்பர் முதல் தோட்டாவை நிரப்பினார். கை நடுங்கவில்லை. மறு சனிக்கிழமை அந்தத் தோட்டா ஒரு களிமண் புறாவின் ஓரத்தை உண்மையாகவே உடைத்தது. உடைந்த துண்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் சயந்தினியின் கார் நின்றது. அவளுடைய மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கேக் எடுக்க வந்திருந்தாள். மேல் அறையில் இம்மாகுலேற் மூன்று தட்டுக் கேக்குக்குக் கடைசி ரோசாப்பூவை வைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இரண்டு பக்கத்தாலும் விழுந்தது. நிழல் என்பதே இல்லை. கணவாய் மணமும் இல்லை. அவள் தன்னை மறந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அதைக் கஸ்பர் அறை வாசலில் நின்று கேட்டார். ஒரு மண் தட்டை உடைத்ததைவிட அது அவருக்குப் பெரிய காரியமாகப் பட்டது.

கேக் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சயந்தினி பிடித்தாள், மற்றப் பக்கத்தைக் கஸ்பர் பிடித்தார். மெதுவாகப் படி இறங்கினார்கள்.

"அண்ணை, உடம்பு தேறின மாதிரித்தான் இருக்கிறியள்," என்றாள் சயந்தினி.

"எனக்கு எப்பவும் ஒண்டுமில்லை," என்றார் கஸ்பர், நெஞ்சை நிமிர்த்தி. "எப்பிடி இருக்குது அறை? குடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. அவவுக்கு அந்த அறையைக் குடுக்கிறது முழுக்க முழுக்க என்ரை சொந்த யோசனை."

"தெரியும் அண்ணை. அது உங்கடை சொந்த யோசனையாத்தான் வரும் எண்டு, நீங்கள் கார்பெட் கழட்ட முந்தியே அக்கா சொன்னவா."